கடுமையான கணைய அழற்சி: ஸ்கேன் படத்தை வைத்து நோயின் போக்கைக் கணிக்கும் முறை

சேலத்தில் வார்டு பார்க்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும், ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர், மேட்டூர் பக்கத்திலிருந்து நோயாளியை எங்களிடம் அனுப்பிவைக்கும் மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். படத்தைப் படித்துச் சொல்ல ரேடியாலஜி மருத்துவர் இருக்கிறார். எப்போது எடுப்பது, எடுக்கும் முன் எதைத் தெரிந்து வைத்திருப்பது, வந்த ரிப்போர்ட்டில் எதை எவ்வளவு நம்புவது என்ற மூன்று இடங்களில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவதைப் பார்க்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லைபேஸ் அல்லது அமைலேஸ் (கணையம் சுரக்கும் நொதிகள்), யூரியா, கிரியாட்டினின், ஹீமட்டோகிரிட், வெள்ளணு எண்ணிக்கை, கால்சியம், ட்ரைகிளிசரைடு. தமனி ரத்த வாயுப் பரிசோதனை. மணிக்கணக்கில் எழுதிய சிறுநீர் அளவு. நோயாளி எப்போதாவது வெளியில் எடுத்த பழைய படங்கள். அட்டைப்பெட்டியிலோ கட்டைப்பையிலோ இருக்கும், கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

பழைய படம் எதற்கு? நம் பக்கத்தில் நாள்பட்ட கணைய நோய் உள்ளவர்கள் குறைவில்லை. கணையம் ஏற்கெனவே சுருங்கி, குழாய் விரிந்து, உள்ளே கல் படிந்திருந்தால், கீழே சொல்லப்போகும் மதிப்பெண்கள் சரியாகப் பொருந்தா. பழைய படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

1. வலி தொடங்கிய மணியை எழுதுங்கள்

போன காபிப் பருவத்தில் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். கேஸ் ஷீட்டில் ‘4 நாள் வயிற்று வலி’ என்று இருந்தது. 4 நாள் ஆகிவிட்டதே, உடனே கான்ட்ராஸ்ட் சி.டி. (ரத்தத்தில் ஒளிரும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேன்) எடுத்துவிடலாம் என்று பயிற்சி மருத்துவர் படிவத்தையும் நிரப்பி வைத்திருந்தார்.

நான் அவர் மனைவியிடம், “அம்மா, கடைசியாக இவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டது எப்போது?” என்று கேட்டேன்.

“நேற்று மத்தியானம், சார். கூலி வாங்கி வந்து நன்றாகத்தான் சாப்பிட்டார்.”

நாலு நாளாக இருந்தது நெஞ்செரிச்சல். முதுகுவரை ஊடுருவி, மல்லாந்து படுக்க விடாத வலி முந்தைய இரவு 9 மணிக்கு வந்திருக்கிறது. அதாவது அப்போது 14 மணி நேரம்தான் ஆகியிருந்தது. 72 மணி நேரம் என்று எண்ணிக்கொண்டு 14-ஆம் மணியில் படம் எடுத்திருப்போம்.

கணையத்தில் திசு இறப்பது படத்தில் தெளிவாகத் தெரிய 72 முதல் 96 மணி நேரம் ஆகும். முதல் நாளில் எடுத்தால் ரத்த ஓட்டம் குறைந்துவரும் பகுதியும் ஓரளவு ஒளிர்ந்து காட்டும். ரிப்போர்ட்டில் ‘வீக்கம் மட்டும்’ என்று வரும். அந்த வரியை நம்பி நோயாளியைப் பொது வார்டுக்கு மாற்றி, மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிய கதை எனக்கும் உண்டு.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. வெளியூர் மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்திருந்து மூன்றாம் நாள் வந்தவருக்கு, நம் வார்டில் சேர்ந்த நேரத்தையே முதல் மணியாக எண்ணிவிடுகிறார்கள். கடிகாரம் வலியில் தொடங்குகிறது, அட்மிஷன் சீட்டில் அன்று. ‘எத்தனை நாளாக வலி?’ என்று கேட்காதீர்கள். ‘சாப்பாடு எப்போது நின்றது, வாந்தி எப்போது வந்தது, தூக்கம் எந்த இரவு போயிற்று?’ என்று கேளுங்கள்.

2. நோய் இதுதானா என்று உறுதிசெய்யுங்கள்

மூன்றில் இரண்டு இருந்தால் போதும்: கணையத்துக்கே உரிய வலி, லைபேஸ் அல்லது அமைலேஸ் இயல்பின் மேல்வரம்பைப் போல் மூன்று மடங்காவது உயர்ந்திருப்பது, படத்தில் அதற்குரிய அடையாளம். முதல் இரண்டும் இருப்பவருக்கு நோயை உறுதிசெய்ய சி.டி. தேவையில்லை.

முதல் நாளே சி.டி. எடுக்க நியாயமான காரணம் ஒன்றுதான்: வேறு நோயோ என்ற உண்மையான சந்தேகம். குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம் என்று தோன்றினால் காத்திருக்கக் கூடாது. அப்போதும் அது நோயைக் கண்டறிய எடுத்த படம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து யாராவது அதிலிருந்து மதிப்பெண் கூட்டுவார்கள். ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்து ரத்தம் பால் போல இருப்பவருக்கு அமைலேஸ் பொய்யாக இயல்பென்று வரலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

3. முதல் 24 மணி: எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும்

விலை மலிவு என்பதாலோ என்னவோ, இந்த இரண்டையும் யாரும் மதிப்பதில்லை. போக்கைக் கணிப்பதில் முதல் நாள் சி.டி. சொல்வதைவிட நெஞ்சு எக்ஸ்ரே சொல்வது அதிகம்.

எக்ஸ்ரேயில் தேட வேண்டியது நுரையீரல் உறையில் நீர், பெரும்பாலும் இடப்பக்கம். உட்கார வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுத்தால் நீர் முதுகுப்பக்கம் பரவி, படம் சற்று மங்கலாகத் தெரிவதோடு சரி. உட்கார முடியாதவருக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை விலாவின் பின்புறம் வைத்துப் பார்த்தால் சிறிய அளவும் அகப்படும்.

எக்ஸ்ரே எடுத்த நேரத்தையும் அதுவரை ஏறிய குளுக்கோஸ், சலைன் அளவையும் பக்கத்தில் குறியுங்கள். 6 லிட்டர் ஏற்றிய பிறகு தெரியும் நீர் நோயால் வந்ததா, நாம் ஏற்றியதால் வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக் கல்லுக்காகவும் பொதுப் பித்தக் குழாய்க்காகவும். ‘குடல் வாயுவால் கணையம் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். வீங்கிய வயிற்றில் பலருக்கு அப்படித்தான் வரும். நாம் கேட்டது கல்லைத்தான். குடித்தவர் என்பதால் கல் இருக்காது என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

4. பைசாப் மதிப்பெண்: யூரியாவில் கவனம்

பைசாப் (BISAP) என்பது முதல் 24 மணியிலேயே ஆபத்தைக் கணிக்கும் முறை. இதில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1. ரத்த யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராமுக்கு மேல், மனத்தெளிவு குறைவு, உடல் முழுதும் அழற்சி எதிர்வினையின் நான்கு அடையாளங்களில் இரண்டாவது இருத்தல் (வெப்பம் 38 டிகிரிக்கு மேல் அல்லது 36-க்குக் கீழ், நாடி 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ்), வயது 60-க்கு மேல், நுரையீரல் உறை நீர். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து கூடுதல்.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று. நம் பரிசோதனைக்கூடங்கள் தருவது பெரும்பாலும் யூரியா. மதிப்பெண் கேட்பது யூரியா நைட்ரஜன். யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் நைட்ரஜன் கிடைக்கும். யூரியா 40 என்று இருந்தால் நைட்ரஜன் 19-க்கும் கீழ், மதிப்பெண் இல்லை. 25-ஐத் தாண்ட வேண்டுமானால் யூரியா 53-க்கு மேல் போயிருக்க வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று கேஸ் ஷீட்டுகளில் இந்த ஒரு மதிப்பெண் இலவசமாக ஏறியிருந்ததைத் திருத்தியிருக்கிறேன்.

அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி.யிலும் இதே கதை. 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் கவலை. சில கூடங்கள் டெசிலிட்டர் கணக்கில் தருகின்றன. அங்கே 15 என்பதே 150. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் படித்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

5. 48 மணி: உறுப்புகள் எங்கே நிற்கின்றன?

2012-இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாட்டின்படி ‘கடுமையானது’ என்ற சொல்லைத் தருவது படம் அன்று. உறுப்புச் செயலிழப்பு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது கடுமையானது. அதற்குள் மீண்டுவிட்டாலோ, செயலிழப்பு இல்லாமல் கணையத்தைச் சுற்றி நீர் தேங்கியோ திசு இறந்தோ இருந்தாலோ அது மிதமான கடுமை. இரண்டும் இல்லையென்றால் லேசானது.

முதல் வாரத்து மரணங்கள் பெரும்பாலும் நுரையீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் ஆகியவை தளர்வதால் வருகின்றன. அந்த வாரத்தில் படம் எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு மோசமாக நோயாளி இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால்தான் படத்துக்கு முன் இந்தப் படி.

பார்க்க வேண்டியவை மூன்று. ஆக்சிஜன் விகிதம் (தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, மூச்சில் இழுக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பங்கால் வகுத்தது) 300 அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.9 அல்லது அதற்கு மேல். சலைன் ஏற்றியும் மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழேயே நிற்பது. திருத்திய மார்ஷல் முறையில் இவற்றில் ஒன்று இருந்தாலே அந்த உறுப்பு தவறியதாகக் கணக்கு.

ஆக்சிஜன் விகிதத்துக்கு, ரத்த வாயு எடுத்தபோது ஓடிய லிட்டரைத் தெரிந்திருக்க வேண்டும். 2 லிட்டர் என்றால் 25 விழுக்காடு, 4 லிட்டர் என்றால் 30, 6 முதல் 8 என்றால் 40 என்று கொள்ளலாம். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வரும் ஆம்புலன்சில் ஆக்சிஜன் ஓடியிருக்கும். இறக்கும்போது கழற்றி, வார்டில் வேறு அளவில் மாட்டுவார்கள். மேலே ஏற்காட்டில், 1,500 மீட்டர் உயரத்தில், விரலில் மாட்டிப் பார்த்த அளவு கீழே பார்ப்பதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதும் இயல்பு. அனுப்பிய சீட்டில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்காமல், வந்த பிறகு புதிதாக எடுங்கள்.

48 மணி கழிந்து வலி குறைந்து, உறுப்புகள் நன்றாக இருந்து, பசிக்கிறது என்று சொல்பவருக்கு சி.டி.யே வேண்டாம். உடன் வந்தவர்கள் கேட்டாலும் வேண்டாம்.

6. 72 முதல் 96 மணி: சி.டி. படிவத்தை நிரப்புவது

யாருக்கு எடுப்பது? உறுப்புச் செயலிழப்பு நீடிப்பவர், அழற்சி அடையாளங்கள் அடங்காதவர், தேறி வந்து மறுபடி சரிபவர்.

‘வயிறு கான்ட்ராஸ்ட் சி.டி., கணைய அழற்சி’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் ஒரு வரிப் பதில்தான் வரும். வலி தொடங்கிய தேதியும் மணியும், இப்போது எந்த உறுப்பு தளர்ந்திருக்கிறது, கிரியாட்டினின் அளவு, உங்கள் கேள்வி (திசு இறந்திருக்கிறதா, எவ்வளவு, ரத்தக்குழாய்கள் எப்படி) ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 அளவு வென்ஃப்ளான் (சிரையில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்; எண் கூடினால் குழாய் சிறியது) இருக்க வேண்டும். புறங்கையில் 22 அளவோடு அனுப்பினால் மருந்தை நொடிக்கு 3, 4 மில்லி வேகத்தில் செலுத்த முடியாது. மெதுவாகச் செலுத்தினால் கணையம் ஒளிராது. ஒளிராத கணையத்தை இறந்த திசு என்று எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. ஒரு சின்ன ஊசியால் வரும் பெரிய பிழை இது.

மருந்து செலுத்தி 35 முதல் 45 நொடியில் கணையக் கட்டம், 65 முதல் 70 நொடியில் கல்லீரல் வாயிற்சிரைக் கட்டம். முதல் படத்துக்கு இரண்டும் நல்லது. வாயில் வெள்ளைக் கான்ட்ராஸ்ட் கொடுக்க வேண்டாம். அதன் பளபளப்பு பக்கத்தில் இருக்கும் ரத்தக்கசிவை மறைக்கும்.

கிரியாட்டினின் ஏறிக்கொண்டே இருந்தால் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கான்ட்ராஸ்ட் கொடுக்காதீர்கள். காத்திருக்கலாம், அல்லது கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. எடுத்து, 7-ஆம் படியின் முதல் பகுதியை மட்டும் பயன்படுத்தலாம். கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ.யும் உண்டு, ஆனால் மூச்சுத் திணறுபவரை அரைமணி நேரம் அசையாமல் படுக்க வைப்பது நடக்கிற காரியமா என்று முதலில் யோசியுங்கள்.

7. படத்தைப் பார்க்கும் ஒழுங்கு: வெளியிலிருந்து உள்ளே

புதியவர் படத்தைத் திறந்ததும் கணையத்துக்குப் போவார். நான் கடைசியில்தான் அங்கே போவேன். கணையம் கண்ணைக் கட்டிவிடும். மற்றது எதுவும் பிறகு தெரியாது.

முதலில் சுற்றுப்புறம். நுரையீரல் உறை நீர் ஒரு பக்கமா (1), இரு பக்கமுமா (2)? மண்ணீரலைச் சுற்றி, கல்லீரலைச் சுற்றி, குடல் மடிப்புகளுக்கு நடுவே, இடுப்புக்குழியில் என நான்கு இடங்களில் நீர்: ஒரே இடமா (1), அதற்கு மேலா (2)? முதுகுப்புறக் கொழுப்பில் அழற்சி ஒரு பக்கமா (1), இரு பக்கமுமா (2)? குடல்தாங்கிச் சவ்வில் அழற்சி (1)? மொத்தம் 7. இதற்கு எபிக் மதிப்பெண் என்று பெயர். 4-ஐத் தொட்டால் கவனம். கான்ட்ராஸ்ட் இல்லாமலே இதைக் கணக்கிடலாம் என்பது பெரிய வசதி.

அடுத்து ரத்தக்குழாய்கள். மண்ணீரல் சிரையில் உறைகட்டி இருக்கிறதா? தமனியில் பலூன் போன்ற புடைப்பு இருக்கிறதா? மண்ணீரல் தமனிதான் அதிகம் பாதிக்கப்படும். அந்தப் புடைப்பு வெடித்தால் மதிப்பெண் எதுவும் உதவாது. பார்த்த உடனே தொலைபேசியை எடுங்கள்.

பிறகு கணையம். நல்ல கணையம் கான்ட்ராஸ்ட்டில் 100 முதல் 150 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி. படத்தின் ஒளிர்வை அளக்கும் அலகு) வரை ஒளிரும். 30 அலகைத் தொடாத பகுதி இறந்த திசுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கொழுப்பேறிய கணையமும் மங்கலாகத்தான் தெரியும். கான்ட்ராஸ்டுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். திட்டுத்திட்டாக ஒளிர்ந்து ஐயமாக இருந்தால் ஐயம் என்றே எழுதி, ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

எவ்வளவு திசு இறந்தது என்பதோடு எங்கே இறந்தது என்றும் பாருங்கள். கணையத்தின் கழுத்துப் பகுதி மட்டும் இறந்து வால் உயிரோடு இருந்தால், விழுக்காடு சிறியது, தொல்லை பெரியது. உயிருள்ள வால் சாற்றைச் சுரந்துகொண்டே இருக்கும், வடிய வழி இருக்காது. மாதக்கணக்கில் நீர் தேங்குவது இவர்களுக்குத்தான்.

8. மதிப்பெண் கூட்டுவது: ஓர் எடுத்துக்காட்டு

பால்தசாரின் சி.டி. கடுமைக் குறியீடு இரண்டு பகுதி. அழற்சிக்கு: இயல்பு 0, கணைய வீக்கம் 1, சுற்றுக் கொழுப்பில் அழற்சி 2, ஓரிடத்தில் நீர்த்தேக்கம் 3, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தேக்கம் அல்லது வாயு 4. இறந்த திசுவுக்கு: இல்லை 0, 30 விழுக்காட்டுக்குக் கீழ் 2, 30 முதல் 50 வரை 4, அதற்கு மேல் 6.

2004-இல் வந்த திருத்திய முறை இதை எளிதாக்கியது. அழற்சிக்கு 0, 2, 4. இறந்த திசுவுக்கு 0, 30 வரை 2, அதற்கு மேல் 4. உறை நீர், வயிற்று நீர், ரத்தக்குழாய்ச் சிக்கல், குடல் சிக்கல் போன்று எதுவாவது இருந்தால் 2. இதிலும் மொத்தம் 10. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமை.

நாகலூர்க்காரருக்கு 80-ஆவது மணியில் எடுத்தோம். நடுப்பகுதியிலும் வாலிலும் சேர்த்து ஏறக்குறைய 40 விழுக்காடு ஒளிரவில்லை. இரண்டு இடங்களில் தேக்கம். இடப்பக்கம் உறை நீர். பால்தசார் முறையில் 4 + 4 = 8. திருத்திய முறையில் 4 + 4 + 2 = 10. இரண்டும் வேறு வேறு எண். எந்த முறை என்று எழுதாமல் ‘சி.டி. மதிப்பெண் 8’ என்று மட்டும் எழுதினால், அடுத்த டியூட்டிக்காரர் தன் மனத்தில் இருக்கும் முறையில் அதைப் படிப்பார்.

1990-இல் பால்தசாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட கணக்கில், 0–3 பெற்றவர்களில் 3 விழுக்காட்டினரும், 4–6-இல் 6 விழுக்காட்டினரும், 7–10-இல் 17 விழுக்காட்டினரும் இறந்தார்கள். சிக்கல்கள் முறையே 8, 35, 92 விழுக்காடு. இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மேல் வரிசையில் ஏறக்குறைய எல்லோருக்கும் சிக்கல் வந்திருக்கிறது, ஆனால் ஆறில் ஐந்து பேர் பிழைத்திருக்கிறார்கள். படம் சிக்கலை நன்றாகக் கணிக்கிறது, மரணத்தை அரைகுறையாகத்தான் கணிக்கிறது. சிகிச்சையும் அன்றிலிருந்து வெகுவாக மாறிவிட்டது.

இன்னோர் ஓட்டை: கணையம் முழுதும் நன்றாக ஒளிர்ந்து, சுற்றியுள்ள கொழுப்பு மட்டும் இறந்திருக்கலாம். ‘திசு இறப்பு 0’ என்று கூட்டினால் மதிப்பெண் குறையும். அந்தத் தேக்கத்துக்குள் நீரோடு கட்டி கட்டியாகக் கொழுப்பும் தெரிந்தால் அதைத் தனியாக எழுதுங்கள்.

9. உடன் வந்தவர்களிடம் சொல்வது

10-க்கு 8 என்றதும் அந்த மனைவி, “பத்துக்கு எட்டு வாங்கினால் நல்லதுதானே, சார்?” என்று கேட்டார். சிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து மதிப்பெண்ணை வெளியே சொல்வதில்லை. ‘இந்த வாரம் மூச்சையும் சிறுநீரையும் பார்க்கிறோம், அது தாண்டினால் மூன்றாம், நான்காம் வாரம் சீழ் பிடிக்கிறதா என்று பார்ப்போம், வீட்டுக்குப் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம்’ என்று சொல்கிறேன். விடுப்புக்கும் பணத்துக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் ஏற்பாடு செய்துகொள்ள இது போதும்.

10. அடுத்த படம் எப்போது

வாரம் தவறாமல் எடுக்காதீர்கள். காய்ச்சல் திரும்பினால், வெள்ளணு ஏறினால், ஹீமோகுளோபின் திடீரென இறங்கினால், சாப்பாடு இறங்காமல் வாந்தி வந்தால் எடுங்கள். ஹீமோகுளோபின் இறங்கியதற்காக எடுத்தால் தமனிக் கட்டம் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

தேக்கத்துக்குள் வாயுக் குமிழ்கள் தெரிந்தால் கிருமித் தொற்று என்று எண்ணுங்கள். குடலோடு துளை விழுந்தும் அப்படி வரலாம். வாயு இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது.

4 வாரத்துக்கு முன் எந்தத் தேக்கத்தையும் ‘சூடோசிஸ்ட்’ என்று எழுதாதீர்கள். 4 வாரம் ஆகி, சுவர் கட்டி, உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருந்தால்தான் அந்தப் பெயர். உள்ளே இறந்த திசு இருந்தால் அது சுவர் கட்டிய நெக்ரோசிஸ் (திசு இறப்பு). முன்னதை வடித்தால் வற்றும். பின்னதில் மெல்லிய குழாய் போட்டால் திசுத்துண்டு அடைத்துக்கொள்ளும். சி.டி.யில் இரண்டும் பல நேரம் ஒன்றுபோலவே தெரியும். எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் நீர் வெள்ளையாகவும் துண்டுகள் கறுப்பாகவும் பிரிந்து தெரியும், அல்ட்ராசவுண்டும் உதவும். வடிகுழாய் போடுவதற்கு முன் இந்த ஒரு படத்தை எடுக்கத் தயங்காதீர்கள்.

நாகலூர்க்காரருக்கு ஐந்தாவது வாரத்தில் அப்படித்தான் எடுத்தோம். தேக்கம் இருந்தது, காய்ச்சல் இல்லை, சாப்பிட்டார். வடிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று படத் தட்டுகளையும் அவர் மனைவியிடம் கொடுத்து, உறையின் மேல் மார்க்கர் பேனாவால் வலி தொடங்கிய தேதியை எழுதினேன். மலையில் இரவு வலி வந்து வேறு மருத்துவமனைக்குப் போனாலும், அங்கே இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.